53 நாள் உறைந்திருந்த கரு... யாரும் நம்பாத டாக்டர்! சுபாஷ் முகோபாத்யாயின் கதை

உங்க ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பைபாஸ் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. சிரிக்கிற குழந்தை படம் போட்ட கருத்தரிப்பு மைய விளம்பரம் ஒண்ணாவது கண்ணில் படாமல் இருக்காது. அந்த மையங்களில் இன்றைக்குச் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு வேலை, கருவை உறைய வைப்பது. தம்பதியின் கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி, அதை உறைய வைத்து, சில வாரங்களோ சில வருடங்களோ கழித்து எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். 'எம்ப்ரியோ ஃப்ரீசிங்' என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

இந்த முறையில் பிறந்த முதல் குழந்தை எது என்று கேட்டால், 1984-ம் வருடம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்த பெண் குழந்தை என்றுதான் பல இடங்களில் பதில் இருக்கும். ஆனால், அதற்கு ஐந்தரை வருடம் முன்பே, 1978 அக்டோபரில், நம் நாட்டின் கொல்கத்தாவில் அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டது. அதைச் சாத்தியமாக்கிய டாக்டரை ஊரே பொய்யன் என்றது. அடுத்த மூன்று வருடத்துக்குள் அவர் உயிரோடு இல்லை.

அவர் பெயர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜி என்றும் சொல்வார்கள். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைக்கு ஒரு கருத்தரிப்பு மையத்தில் டாக்டர் உங்களுக்கு விளக்கும் பல விஷயங்கள் எங்கிருந்து தொடங்கின என்பது புரியும்.

இரண்டு பிஹெச்.டி வாங்கிய மனுஷன்

1931 ஜனவரி 16 அன்று ஹசாரிபாக்கில் பிறந்தார் சுபாஷ். அப்போது அது பீகார், இப்போது ஜார்க்கண்ட். கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் படித்து 1955-ல் டாக்டர் ஆனார். அந்தக் காலத்தில் ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும், கை நிறைய வருமானம் வந்திருக்கும். அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. ஹார்மோன்கள் எப்படி வேலை செய்கின்றன, ஒரு உயிர் எப்படி உருவாகிறது என்ற கேள்விகளின் பின்னால் போனார். 1958-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியலில் ஒரு பிஹெச்.டி. அது போதாது என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் போய், 1967-ல் ஹார்மோன் ஆராய்ச்சியில் இன்னொரு பிஹெச்.டி.

இரண்டாவது பட்டம் வாங்கிய கையோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். கொல்கத்தாவில் உள்ள நீல் ரத்தன் சர்க்கார் மெடிக்கல் காலேஜில் வேலை, பிறகு பாங்குராவில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றல். மனைவி நமிதா ஒரு பள்ளி ஆசிரியை. பகலில் பாடம் நடத்துவதும் மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்வதுமாக ஓடியது வாழ்க்கை.

உலகமே மோதிக்கொண்டிருந்த சுவர்

எழுபதுகளில் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற இருவர் சோதனைக்குழாய் குழந்தைக்காக வருடக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மோதி மோதித் திரும்பிய சுவர் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் சுபாஷ் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டைதான் பொதுவாக முதிரும். அந்த ஒன்றை மட்டும் நம்பி இறங்கினால் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஹார்மோன் ஊசி போட்டால் நாலைந்து முட்டைகள் கிடைக்கும். ஆனால், அதே ஊசி அந்த மாதம் கர்ப்பப்பையின் உள்சுவரையும் குழப்பிவிடும். கரு தயாராக இருக்கும், அது ஒட்டி வளர வேண்டிய இடம் தயாராக இருக்காது. நாற்று ரெடி, வயல்தான் ரெடியில்லை என்கிற கதை.

எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் கடைசியில் ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இயற்கையாக முதிரும் அந்த ஒரே முட்டையை, வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப் மூலம் எடுத்து, கருவாக்கி, உடனே கர்ப்பப்பையில் வைத்தார்கள். அப்படித்தான் 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார்.

சுபாஷ் அதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். ஊசி போட்டு நிறைய முட்டை எடுப்போம், கருவாக்குவோம். இந்த மாதம் கர்ப்பப்பை தயாராக இல்லையென்றால், அது தயாராகும் மாதம் வரை கருவைக் காத்திருக்க வைப்போம். கருவை எப்படிக் காத்திருக்க வைப்பது? உறைய வைத்துத்தான்.

தக்காளி ஏன் நசநசன்னு ஆகுது?

சொல்வது சுலபம். ஒரு தக்காளியை ஃப்ரீசரில் வைத்து மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்க, நசநசவென்று ஆகியிருக்கும். தக்காளியின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் தண்ணீர் உறையும்போது விரிகிறது, கூர்மையான பனிப்படிகங்களாக மாறுகிறது. அந்தப் படிகங்கள் செல்லின் சுவரைக் கிழித்துவிடும். அதே கதிதான் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறைய வைக்கும் கருவுக்கும்.

அதனால் உறைய வைப்பதற்கு முன்பு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் படிகமாகாத ஒரு பாதுகாப்பு ரசாயனத்தை நிரப்ப வேண்டும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு, சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ, அப்படி ஒரு ரசாயனம். 1972-ல் இதை வைத்து எலிக் கருக்களை உறைய வைத்து, மீண்டும் உயிர்ப்பித்து, குட்டிகளையும் பிறக்க வைத்திருந்தார்கள். மனிதக் கருவில் அதைச் செய்து குழந்தை பிறந்ததாக அப்போது எந்தப் பதிவும் இல்லை.

சுபாஷ் தனியாக இறங்கவில்லை. மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா கூட்டணியில் இருந்தார். மூன்றாவது ஆள்தான் சுவாரஸ்யம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த சுனித் முகர்ஜி. உணவைக் கெடாமல் பாதுகாக்கும் துறையில் இருந்தவர், கருவைக் கெடாமல் பாதுகாக்க வந்தார்.

அவர்களை நம்பி வந்த பெண்ணுக்குக் கருக்குழாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன. முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் வழியே அடைபட்டிருந்ததால் இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பில்லை. ஹார்மோன் ஊசி கொடுத்து, வயிற்றைத் துளைக்காமல் பெண்ணுறுப்பு வழியாகவே சென்று ஐந்து முட்டைகளை எடுத்தார்கள். ஆய்வகத்தில் கருவாக்கினார்கள். எட்டு செல் அளவுக்கு வளர்ந்ததும், டி.எம்.எஸ்.ஓ பாதுகாப்போடு மெல்ல மெல்லக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் செல்லுக்குள் எந்த வேலையும் நடக்காது. காலம் அப்படியே நின்றுவிடும்.

53 நாள் கழித்து, ஊசியின் பாதிப்பு எதுவும் இல்லாத வேறொரு மாதவிடாய் சுழற்சியில், கருவை உருக்கி எடுத்துக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். கரு ஒட்டியது.

1978 அக்டோபர் 3. கொல்கத்தா துர்கா பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஆரோக்கியமான ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெளியுலகுக்கு அந்தக் குழந்தையின் பெயர் 'துர்கா'. லூயிஸ் பிரவுனுக்கு அடுத்து வெறும் 70 நாள் இடைவெளி. உலகின் இரண்டாவது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை. உறைநிலைக் கருவிலிருந்து பிறந்தது என்று பார்த்தால் உலகிலேயே முதல் குழந்தை.

நம்பாதவர்கள் கூடிய அறை

செய்தி பத்திரிகைகளில் வந்தது. பாராட்டு வந்த வேகத்திலேயே சந்தேகமும் வந்தது. ஒரு மாவட்ட மருத்துவக் கல்லூரி வாத்தியார், பெரிய ஆய்வகம் இல்லை, வெளிநாட்டுக் கருவி இல்லை, இங்கிலாந்தில் நடந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இங்கே எப்படி என்று கேட்டார்கள். அரசு ஊழியரான அவர், துறைக்கு முறையாகத் தெரிவிப்பதற்கு முன் ஊடகங்களில் விஷயம் வந்துவிட்டது என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

நவம்பர் மாதமே மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவராக உட்கார்ந்தவர் ஒரு ரேடியோ இயற்பியல் பேராசிரியர். ஆமாங்க, ரேடியோ அலைகளைப் படித்தவர். மற்ற உறுப்பினர்களில் மருத்துவத் துறை ஆட்கள் இருந்தார்கள். ஆனால், மனிதக் கருவை ஆய்வகத்தில் வளர்த்த அனுபவமோ, உறைய வைத்த அனுபவமோ உள்ளவர் ஒருத்தரும் இல்லை. கருவை வைத்துக் கண்ணாடிக் குப்பியின் வாயை உருக்கி மூடினால் கரு செத்துவிடாதா என்கிற அளவில்தான் அங்கே கேள்விகள் ஓடியதாகப் பின்னாளில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் காலக் கொல்கத்தாவில் மின்வெட்டு ரொம்பவே சகஜம். கரன்ட் போனால் உறைந்த கரு என்ன ஆகும் என்ற சந்தேகம் யாருக்கும் வரலாம். ஆனால், திரவ நைட்ரஜன் குடுவைக்கு கரன்ட்டே தேவையில்லை. பெரிய ஃபிளாஸ்க் மாதிரிதான் அது. ஆவியாகிக் குறையும் நைட்ரஜனை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருந்தால் போதும். இன்றைய மையங்களிலும் இதுதான் நடக்கிறது.

குழு விசாரித்து முடித்தது. சுபாஷ் சொல்வதை ஏற்க முடியாது என்று முடிவு சொன்னது. அவ்வளவுதான். வருடக்கணக்கான உழைப்பு ஒரு அறிக்கையில் பொய்யாகிப்போனது.

நியாயமாகப் பார்த்தால், சந்தேகம் கேட்பது தப்பில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்றால் பெரிய ஆதாரம் கேட்பதுதான் அறிவியல். சுபாஷ் அந்த வருடமே இந்தியாவின் குளிரியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். ஆனால், அது ரொம்பச் சின்னது. உலகம் முழுக்கப் படிக்கும் இதழும் இல்லை. விரிவாக எழுதியிருந்தால் கதை மாறியிருக்கலாம். ஆனால் சந்தேகம் கேட்பவர், பதிலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் இடத்திலும் இருக்க வேண்டும், இல்லையா? அந்த அறையில் அது நடக்கவில்லை.

அவர் காட்டாத ஆதாரம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. அவரிடம் இருந்த ஆகப்பெரிய ஆதாரம் என்ன? குழந்தைதான். அந்தத் தம்பதியை மேடையேற்றி, மருத்துவ விவரங்கள் மொத்தத்தையும் ஊரறிய விரித்திருந்தால், எதிர்த்தவர்களில் பாதிப் பேராவது அமைதியாகியிருப்பார்கள்.

ஆனால், அந்தக் குடும்பம் வெளிச்சத்தை விரும்பவில்லை. குழந்தை இல்லை என்பதற்காக ஒரு பெண்ணை எப்படியெல்லாம் பேசுவார்கள் என்பது இன்றைக்கும் நமக்குத் தெரியும். 1978-ல் ஆய்வகத்தில் உருவான குழந்தை என்றால் அந்தப் பிள்ளையை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும்? தன்னை நம்பி வந்தவர்களின் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துத் தன் பெயரை மீட்க சுபாஷ் விரும்பவில்லை. துர்கா என்ற பெயருக்குப் பின்னால் அந்தக் குழந்தை எல்லாப் பிள்ளைகளையும்போல வளர்ந்தது. அதற்கான விலையை டாக்டர் கொடுத்தார்.

கருவைப் படித்தவருக்குக் கண் மருத்துவமனை

1979-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது, தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச. விஷயம் தெரிந்தவர்கள் முன்னால் விளக்க அவருக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போக அனுமதி தேவை. அனுமதி மறுக்கப்பட்டது.

1980-ல் மாரடைப்பு வந்தது. பிறகு கொல்கத்தாவுக்கு மாற்றல். கடைசியாக 1981 ஜூனில் வந்த உத்தரவு அவரை அனுப்பிய இடம், ஒரு கண் மருத்துவ நிலையம். வாழ்நாள் முழுக்க ஹார்மோனையும் கருவையும் படித்த ஒருவருக்கு அங்கே என்ன வேலை? ஆராய்ச்சியைத் தொடர இருந்த கடைசிக் கதவும் சாத்தப்பட்டது.

1981 ஜூன் 19 அன்று டாக்டர் சுபாஷ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

(இதைப் படிக்கும் உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ தாங்க முடியாத மன அழுத்தம் இருந்தால், தனியாகச் சுமக்காதீங்க. டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.)

தன் பட்டத்தைத் தானே கழற்றிக் கொடுத்தவர்

காலம் ஓடியது. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தது. விஞ்ஞானி டி.சி.ஆனந்த்குமாரும் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து சாதித்தது. முறையான ஆவணங்கள் எல்லாம் பக்காவாக இருந்தன. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று நாடு கொண்டாடியது. பாடப்புத்தகம், பொது அறிவுக் கையேடு எல்லாவற்றிலும் அதுதான் பதில்.

1997-ல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா போன ஆனந்த்குமாரின் கைக்கு, சுபாஷ் எழுதி வைத்திருந்த ஆராய்ச்சிக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. அத்தனை வருடமும் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர் மனைவி நமிதா. ஆனந்த்குமார் அந்தத் தாள்களை உட்கார்ந்து படித்தார். சுபாஷைப் பார்த்து என்ன கேட்க வேண்டும், பதிலில் எது சரி எது தப்பு என்று தெரிந்த ஒருவர் அந்தக் குறிப்புகளை அலசினார். பத்தொன்பது வருடம் தாமதமாக.

படித்து முடித்தவருக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. முதல் சாதனை தன்னுடையது இல்லை, சுபாஷுடையது என்று 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சும்மா இருந்திருந்தால் அந்தப் பெருமை வாழ்நாள் முழுக்க அவரோடுதான் இருந்திருக்கும். உண்மை தெரிந்த பிறகு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

அதன் பிறகு அங்கீகாரம் ஒவ்வொன்றாக வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சுபாஷின் பணியை ஏற்றுக்கொண்டது. 2003-ல், தன் 25-வது பிறந்தநாளை ஒட்டி, துர்காவே வெளியே வந்தார். கனுப்ரியா அகர்வால் என்ற தன் சொந்தப் பெயரோடு, தன்னைப் பிறக்க வைத்த டாக்டரைப் பற்றிப் பொதுமேடையில் பேசினார். டாக்டர் காத்த ரகசியத்தைத் திறக்கும் உரிமை அவருக்குத்தானே இருந்தது!

சினிமா பிரியர்களுக்கு ஒரு தகவல். 1990-ல் வந்த தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கி மௌத்' என்ற இந்திப் படம் சுபாஷின் வாழ்க்கையைத் தழுவியதுதான். படத்தில் கருவுக்குப் பதிலாகத் தொழுநோய் தடுப்பூசி. பங்கஜ் கபூர்தான் ஹீரோ. நிருபராக வரும் இளம் இர்ஃபான் கானையும் பார்க்கலாம்.

இன்றைய மையங்களில் சுபாஷ்

1978-ல் அவர் செய்த மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் ஊசி போட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வளர்ப்பது, வயிற்றைத் துளைக்காமல் கீழ்வழியாகவே முட்டையை எடுப்பது, கருவை உறைய வைத்து வேறொரு மாதத்தில் வைப்பது. இன்றைக்கு ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் போனால் பெரும்பாலும் நீங்கள் கடந்துவரும் பாதையே இதுதான். முட்டையெடுக்க அல்ட்ராசவுண்ட் உதவி வந்துவிட்டது. மெல்ல உறைய வைப்பதற்குப் பதிலாக, பனிப்படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் நொடியில் கண்ணாடிபோல உறைய வைக்கும் 'விட்ரிஃபிகேஷன்' வந்துவிட்டது. அடிப்படை யோசனை அதே யோசனைதான்.

இப்போது கருவை ஏன் உறைய வைக்கிறார்கள்? ஒரே முயற்சியில் நிறையக் கருக்கள் கிடைத்தால், மீதியை அடுத்த முயற்சிக்கோ இரண்டாவது குழந்தைக்கோ வைத்துக்கொள்ளலாம். ஹார்மோன் ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து உள்ள பெண்களுக்கு, கருவை உடனே வைக்காமல் உடல் தேறும் வரை காத்திருக்கலாம். புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் முன் எதிர்காலத்துக்காகச் சேமித்து வைக்கவும் இது வழி.

நீங்கள் இதைப் பற்றி யோசிப்பவராக இருந்தால் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, உறைய வைத்த ஒவ்வொரு கருவும் குழந்தையாகும் என்ற உத்தரவாதம் கிடையாது. கரு உருவாகும்போது பெண்ணின் வயது என்ன என்பது ரொம்ப முக்கியம். இரண்டு, 2021-ல் வந்த இந்தியச் சட்டப்படி கருவை அதிகபட்சம் பத்து வருடம்தான் சேமித்து வைக்க முடியும். மூன்று, எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. கர்ப்பப்பையில் கருவை வைப்பதற்கு முன் எந்தக் கட்டத்திலும் உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வதும் மையத்தின் கடமை. சுபாஷ் எந்தச் சட்டமும் சொல்லாமலேயே செய்தது அது.

2010-ல் ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முழுக்கத் தகுதியானவர். சுபாஷ் உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு 79 வயது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்திருப்பார். தன் முறையில் பிறந்த குழந்தைகள் உலகம் முழுக்க ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் போய்க்கொண்டிருப்பதையும் பார்த்திருப்பார்.

உங்கள் நண்பர்களிலோ சொந்தத்திலோ யாராவது ஃப்ரோஸன் எம்ப்ரியோ மூலம் அம்மா அப்பா ஆகியிருந்தால், குழந்தையைக் கொஞ்சப் போகும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். 53 நாள் காத்திருந்த ஒரு கருவில் தொடங்கிய கதை, அவர்கள் வீட்டுத் தொட்டில் வரைக்கும் வந்திருக்கிறது.